பிள்ளைக்கு ஒரு டேப்லெட்டா, மூன்று பேருக்கு ஒன்றா?

ஒன்றியப்பள்ளி டீச்சர் கேட்டது:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள். முதல் மூன்று வகுப்புகள் அவரிடம், நான்கும் ஐந்தும் என்னிடம். அவர் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் 34 பேரும் என்னிடம்.

எங்கள் பள்ளியில் படித்து இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். தான் உட்கார்ந்து படித்த ஜன்னல் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது, "டீச்சர், பிள்ளைக்கு ஒண்ணு வீதம் டேப்லெட் வாங்கித் தந்துடுறேன். இனிமே ஏஐதான் பாடம் சொல்லித் தரப்போகுது, நம்ம பிள்ளைங்க பின்னாடி நிக்கக் கூடாது" என்றார். மூன்றேகால் லட்ச ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் முடிவு சொல்ல வேண்டும்.

சந்தோஷமாகத் தலையாட்டியிருக்க வேண்டியவள்தான். ஆனால் போன வருடம் நடந்த ஒன்று என்னைத் தடுக்கிறது. ஓர் அமைப்பினர் 12 டேப்லெட்டுகளை ஹெட்போனோடு கொண்டுவந்து இரண்டு வாரம் என் வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்ற கணக்கை அதுவே கொடுக்கும். இரண்டாம் நாள் நான் வகுப்பின் பின்பக்கம் நின்று பார்த்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வகுத்தல் வந்திருந்தது. 96 மாம்பழத்தை 8 கூடையில் சமமாகப் போட வேண்டும். நாலு விடைகளில் ஒன்றைத் தொட்டான், தப்பு. அடுத்ததைத் தொட்டான், தப்பு. பழமும் கூடையும் மாறி இன்னொரு கணக்கு வந்தது. கை தாளில் போகவே இல்லை. திரையிலேயே இருந்தது. ஏழாவது முறை விரல் பட்ட இடம் சரியாகிவிட்டது, நட்சத்திரம் விழுந்தது. அவன் சிரிக்கக்கூட இல்லை.

அவனுக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில், வகுத்தலைப் போன மாதமே முடித்துவிட்ட பெண் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளாக இருந்தால் எட்டிப் பார்த்து, "டேய், மொதல்ல எட்டாம் வாய்ப்பாடு சொல்லு" என்று அதட்டியிருப்பாள். அவனும் சொல்லிக்கொண்டே வந்து 'பன்னிரெட்டு தொண்ணூத்தாறு' என்ற இடத்தில் நின்றிருப்பான். அன்றைக்கு அவள் காதிலும் ஹெட்போன். வகுப்பே அமைதி. பார்வையிட வந்திருந்தவர்கள் அந்த அமைதியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

இதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே இரண்டு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பேசும்போது திக்கும். இரண்டு வருடமாக அவனை உரக்க வாசிக்க வைக்க நான் செய்யாத முயற்சி இல்லை. எழுந்து நிற்பான், முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்வான், யாராவது களுக்கென்று சிரித்தால் அன்றோடு சரி. அவன் அந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். தன் குரலைத் தானே கேட்கலாம், தப்பினால் திரும்ப வாசிக்கலாம், பக்கத்தில் யாரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் என் மேசைக்கு வந்து தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தை எனக்கு மட்டும் கேட்கிற குரலில் வாசித்தான். டேப்லெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன அன்று அவன்தான் வாசல்வரை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் பத்து வருடத்தில் தமிழில் பேசும், தமிழில் கேட்கும், கோபமே படாத ஒரு வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் இருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அது நல்லதுதான். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதற்கு?

நான் கேட்பது இதுதான். 34 டேப்லெட்டை வாங்கிக்கொள்வதா? பத்து போதும், மீதிப் பணத்தை வேறு எதற்காவது தாருங்கள் என்று கேட்பதா? பத்து என்றால் மூன்று பேருக்கு ஒன்று எப்படிக் கொடுப்பது? ஒருவன் பிடுங்கிக்கொள்வான், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதையும் பார்த்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஏணிப்படி எழுதியது:

டீச்சரம்மா, நான் விழுப்புரம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் மென்பொருள் செய்கிற வேலையை நாங்கள் அட்டையில் செய்தோம்.

செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறை அது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு சின்னம். சுவரில் அந்தப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படம். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்காரும். லீவு போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அதில் எனக்குப் பிடித்தது ஏணியைவிடக் குழு அட்டைகள்தான். ஆறு குழு. ஆசிரியர் முழுதாக உதவுவது ஒன்று, பாதி உதவுவது ஒன்று. சக மாணவர் முழுதாக உதவுவது ஒன்று, பாதி உதவுவது ஒன்று. தானே கற்பது ஒன்று. மதிப்பீடு ஒன்று. ஆறில் இரண்டு சக மாணவருக்கு! புதிய படியைப் பிள்ளை தனியாகத் தொடங்காது. யாரோ ஒருவரோடு தொடங்கி, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தனியாகச் செய்து பார்த்து, அப்புறம்தான் சோதனை. உங்கள் டேப்லெட் ஐந்தாவது குழுவையும் ஆறாவது குழுவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நாலையும் தூக்கிப் போட்டுவிட்டது. அந்தப் பையன் ஏழு முறை விரலை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

எங்களிடமும் குறை இருந்தது, மறைக்க மாட்டேன். அட்டை கிழிந்தால் புதிது வர நாளாகும். ஆளுக்கொரு படியில் நின்றதால் எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கேட்பதும் ஒரு பாட்டைப் பாடுவதும் குறைந்துபோயின. ஒரு கட்டத்தில் நானே தினமும் கடைசி முக்கால் மணி நேரம் அட்டைகளை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புவரை வட்டமாக உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தேன். பெற்றோர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்தக் கதைகளைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு பழைய சங்கதி. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த பையன், சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதைத் தன் பள்ளியின் முறையாகவே ஆக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

அங்கே என்ன ஆயிற்று தெரியுமா? பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அப்படியென்றால் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே வாத்தியார் போதும் என்று கணக்குப் போட்டார்கள். செலவு குறைந்தது. பெரிய கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைத்தார்கள். நல்ல விஷயம், மலிவான விஷயமாகிப் போனது. நான் பயப்படுவது டேப்லெட்டைப் பார்த்து அல்ல அம்மா. 34 டேப்லெட் இருக்கிறதே, இரண்டு ஆசிரியர் எதற்கு என்று என்றைக்காவது யாராவது கேட்பார்கள். கூட்டத் தீர்மானத்தில் அதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

---

முகப்பேர் அப்பா எழுதியது:

மன்னிக்கவும், நான் ஒத்துப்போகவில்லை. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் ஆளுக்கொரு டேப்லெட். யாரும் அங்கே 'மூன்று பேருக்கு ஒன்று நல்லது' என்று பேசுவதில்லை. கிராமத்துப் பிள்ளைகள் என்றதும் மட்டும் பகிர்ந்து படிப்பதன் பெருமை நமக்கு ஞாபகம் வருகிறது.

நானும் அரசுப் பள்ளியில் படித்தவன்தான். 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்களே, அதில் எனக்கும் ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் என் பெயரில் இருந்த முதல் பொருள் அது. ரேஷன் கார்டில்கூட நான் அப்பா பெயருக்குக் கீழேதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் வைத்து அதில்தான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். எத்தனை தப்பு செய்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பேருக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால், வகுப்பில் வாய் பேசத் தெரிந்தவன் கையில்தான் அது இருந்திருக்கும். நான் அவன் இல்லை.

அந்தத் திக்கும் பையனை மறந்துவிடாதீர்கள் டீச்சர். அவனுக்கு ஒன்று முழுசாக வேண்டும்.

---

பெங்களூர் நிரலர் எழுதியது:

டீச்சர், நான் பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்பு மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

இந்த மென்பொருள்கள் ஏன் தனித்தனியாகவே இருக்கின்றன? ஒரு பிள்ளைக்கு ஓர் அக்கவுண்ட், அந்த அக்கவுண்ட்டுக்கு ஒரு நிலை, ஒரு அறிக்கை. அடிப்படையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு கேள்விக்கு விடை சொன்னால் யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்று நிரலுக்குத் தெரியாது. அடுத்த கேள்வியை யாருக்கு ஏற்ற மாதிரி கொடுப்பது? அதனால் சேர்ந்து படிப்பதை நாங்கள் ஒரு குழப்பமாகப் பார்க்கிறோம். ஹெட்போன் வந்தது கல்வி ஆராய்ச்சியால் என்று நினைக்காதீர்கள். பக்கத்துச் சத்தம் மைக்கில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட 'பிடுங்கிக்கொள்ளும் ஒருவன்' பிரச்சினைக்கு ஓர் அழகான வேலை இங்கே பெங்களூரிலேயே நடந்திருக்கிறது. 2006 வாக்கில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் உதய் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப் பள்ளிகளைப் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள், மவுஸ் மட்டும் ஒரே பையன் கையில். அவர்கள் அதே கம்ப்யூட்டரில் ஐந்து மவுஸைச் செருகினார்கள். திரையில் ஐந்து நிறத்தில் ஐந்து அம்புக்குறி. முதலில் யார் சரியாகச் சொடுக்குகிறாரோ அவரால் அடுத்த கேள்வி வரும் என்று வைத்தபோது போட்டி முற்றி, முக்கியமாகப் பையன்கள், யோசிக்காமல் சொடுக்கினார்கள். குழுவில் எல்லாரும் சரியான விடையைச் சொடுக்கினால்தான் அடுத்த கேள்வி என்று மாற்றியதும் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல ஆரம்பித்தான். கருவி அதேதான், விதியில் ஒரு வரிதான் மாறியது. உங்கள் வகுப்பில் ஐந்து மவுஸ் தேவையில்லை, அந்த விதி மட்டும் போதும்.

முகப்பேர் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது. பெரு நாட்டில் 319 கிராமப் பள்ளிகளை எடுத்து, சிலவற்றில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண்ணிலும் மொழி மதிப்பெண்ணிலும் வித்தியாசமே தெரியவில்லை என்று 2012இல் முடிவு வந்தது. அதற்கு நேர்மாறாக, 2015இல் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை நேர மையங்களில் வைத்துப் பார்த்தபோது நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்த இடம் அது. அந்தந்தப் பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கியதுதான் பலம் என்கிறார்கள், சரிதான். ஆனால் அந்த மையத்தின் நேர அட்டவணையைப் பாருங்கள். மொத்தம் 90 நிமிடம். 45 நிமிடம் கம்ப்யூட்டர். மீதி 45 நிமிடம் பத்துப் பதினைந்து பேராக ஓர் உதவி ஆசிரியரோடு. இந்த இரண்டாம் பாதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இன்னொன்று, நம் தமிழ் சம்பந்தப்பட்டது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் மென்பொருள்கள் இன்னும் பழகவில்லை. 'மழை' என்று எழுதியிருப்பதை உங்கள் ஊர்ப் பிள்ளை 'மள' என்று வாசிக்கும். அது தெரியாமல் வாசிக்கிறதா, தெரிந்தே வீட்டு உச்சரிப்பில் சொல்கிறதா? எங்கள் நிரலால் இன்றைக்கு நிச்சயமாகப் பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு நொடியில் தெரியும். எங்கள் சோதனைக்காக ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஒரு சின்னப் பையன் வாசித்த சொல் திரும்பத் திரும்பச் சிவப்பாகிறது. பக்கத்துப் பெண் தன் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டி, "இங்க பாரு, இப்படி வச்சுக்க, இப்ப சொல்லு" என்றாள். அவன் அவள் வாயையே பார்த்துச் சொன்னான். பச்சை ஆனது. அவள் செய்ததை எங்கள் அறிக்கையில் போட ஒரு கட்டம்கூட இல்லை.

---

ஒன்றியப்பள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. முகப்பேர் சார் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். பகிர்ந்து படி என்று நான் சொல்லும்போது அது இல்லாமையின் பெயரால் வருகிறதா, நல்லது என்பதால் வருகிறதா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிரலர் தம்பி, எல்லாரும் சரி சொன்னால்தான் அடுத்தது என்ற அந்த விதியை என்னிடம் இருக்கும் ஒரே டேப்லெட்டில் இந்த வாரம் வைத்துப் பார்க்கிறேன்.

டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

---

சைக்கிள்காரி மகள் எழுதியது:

டீச்சர், நானும் நம்ம மாவட்டம்தான். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினபோது தன்னார்வலராச் சேர்ந்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுத் திண்ணையில 18 பிள்ளைங்க. கொரோனாவுல ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைங்க, மூணாம் வகுப்புல இருந்தும் 'அ' எழுதத் தெரியாது. இருந்தது என் போன் ஒண்ணுதான்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்புறது பத்திக் கேட்டீங்க. நான் பார்த்ததைச் சொல்றேன். அந்த ஒன்றரை வருஷத்துல போன் இருந்த வீட்லயும் பொம்பளப் பிள்ளை கைக்கு அது வந்து சேர்ந்தது ராத்திரி பத்து மணிக்கு. அப்பா வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு, வந்ததும் அண்ணன் வாங்கிக்குவான். அவ கையில வரும்போது சார்ஜ் இருக்காது, இல்லேன்னா கண்ணு இழுக்கும். பிள்ளை பேர்ல கொடுத்தாலும் வீட்டுக்குள்ள போனா அது வீட்டுப் பொருள்தான். முகப்பேர் அண்ணனுக்கு அவங்க வீட்ல விட்டுக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் அப்படி அமையாது. அதனால வீட்டுக்கு வேணாம், பள்ளிக்கூடத்துலயே காலையில சீக்கிரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும் திறந்து வைங்கன்னுதான் சொல்லுவேன்.

என் அம்மா கதையைச் சொன்னா உங்களுக்குப் புரியும். 1991ல அறிவொளி இயக்கம் வந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, அம்மா கல்குவாரியில வேலை. அங்கேயே ராத்திரி அரிக்கேன் விளக்குல எழுத்துப் படிச்சாங்க. அப்புறம் பொம்பளைங்களுக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தாங்க இல்லையா, ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. அம்மா குழுவுல பன்னெண்டு பேரு, வாடகை சைக்கிள் ரெண்டு. ஆம்பளை சைக்கிள், நடுவுல பார் போட்டது. ஒருத்தி ஏறினா ஒருத்தி கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவா, ஒருத்தி ஹேண்டில் பக்கம், மத்தவங்க சத்தம் போட்டுக்கிட்டுக் கூடவே ஓடுவாங்க. "நேரா பாரு, கீழ பாக்காத!" அம்மா இன்னைக்கும் அந்தக் குரலை அப்படியே சொல்லிக் காட்டுவாங்க. எப்போ பின்னாடி பிடிச்சவ கையை விட்டாள்னு அம்மாவுக்குத் தெரியாதாம். திரும்பிப் பார்த்தா அவ ரொம்பத் தூரத்துல நின்னு கை தட்டுறா.

அம்மாவுக்குச் சொந்த சைக்கிள் 1994ல வந்தது. அது வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். சொந்தமா ஒண்ணு வந்த பிறகுதான் எங்களைக் கேரியர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடிஞ்சது. ஆனா ஓட்டக் கத்துக்கிட்டது அந்த ரெண்டுல.

---

ஒன்றியப்பள்ளி டீச்சர்:

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ரோட்டில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகப் போன அக்காக்களை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று மூன்று பேராகப் பிரித்தேன், நாலும் ஐந்தும் கலந்து. ஒருவர் தொடுவார், ஒருவர் கேள்வியை உரக்க வாசிப்பார், ஒருவர் 'ஏன்' என்று சொல்வார். ஒவ்வொரு கேள்விக்கும் வேலை மாறும். மூன்று பேரும் சரி என்று சொல்லாமல் தொடக் கூடாது. தப்பாகிவிட்டால் அடுத்ததைத் தொடுவதற்கு முன் தாளிலோ மணலிலோ போட்டுப் பார்க்க வேண்டும். இருப்பது ஒரே டேப்லெட் என்பதால் ஒரு குழு அதில் இருக்கும்போது மற்றவர்களுக்கு அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை ஒரே ரகளை. 'ஏன்' சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் 'தெரியல' என்று சொல்லிவிட்டுத் தொடுகிறவர் கையையே பார்த்தார்கள். புதன்கிழமைதான் கொஞ்சம் பிடிபட்டது. முன்பு ஏழு முறை தொட்டுப் பார்த்த அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு 'ஏன்' சொல்லும் முறை வந்தது. 3/4 பெரிதா 2/3 பெரிதா என்று கேள்வி. அவன் இரண்டு தென்னங்குச்சியை ஒரே நீளத்துக்கு உடைத்து, ஒன்றை நாலாக மடக்கி, ஒன்றை மூன்றாக மடக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இதுல ஒரு சின்னத் துண்டு குறையுது, அதுல ஒரு பெரிய துண்டு குறையுது. அப்ப இதுதான் பெருசு." நான் சொல்லிக் கொடுத்த வழி இல்லை அது. என் பாடக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தத் திக்கும் பையன் இப்போது ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தங்கை எங்களிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கும் லேசாகத் திக்கும். காலை உணவு சாப்பிட எட்டேகால் மணிக்கே வந்துவிடுவாள். சாப்பிட்டுவிட்டு மணி அடிக்கிற வரைக்கும் என் டேப்லெட் அவளுடையது. வேப்பமரத்தடி, தனியாக. அந்த நேரத்தில் வேறு யாரும் கேட்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முகப்பேர் சார், நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

சிங்கப்பூர்த் தம்பியிடம் நேற்று ராத்திரி போனில் பேசினேன். 14 டேப்லெட் போதும் என்றேன். பத்து குழுக்களுக்கு, நாலு தனியாக உட்கார்ந்து படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு. எது யாருக்கு என்பதை வாரா வாரம் நாங்களே மாற்றிக்கொள்வோம். ஹெட்போன் அந்த நாலுக்கு மட்டும். கூடவே சார்ஜ் போடப் பூட்டு வைத்த அலமாரி ஒன்று, எங்களிடம் இருப்பது இரண்டே பிளக்தான். மீதியில் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணிவரை பள்ளியைத் திறந்து வைத்துப் பிள்ளைகளோடு உட்கார ஊரிலிருந்தே ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடத்துக்கு மாதச் சம்பளம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமோ என்று நினைத்தேன். "டீச்சர், நான் படிக்கிறப்போ எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன்தான்" என்றார். அந்த நண்பர் ஊரிலேயே இருக்கிறார், மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பிளஸ் டூ முடித்தவர். சாயங்கால வேலைக்கு அவரைக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஏணிப்படி ஐயா, நீங்கள் சொன்ன வரியைத் தீர்மானத்தில் சேர்த்துவிட்டேன்: 'இக்கருவிகளைக் காரணம் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கக் கூடாது.' கூட்டம் வெள்ளிக்கிழமை. பழைய குழு அட்டைகள் உங்களிடம் ஏதாவது மிச்சம் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? அந்த இரண்டு சக மாணவர் அட்டைகளைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.